மாமாவுக்கு வாசித்துச் சொன்ன சாமுராய் படம்

எட்டு வயதில் நான் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டேன். யாரோடும் கோபமில்லை. பள்ளிக்கூடத்திலும் ஜெர்மன், வீட்டிலும் ஜெர்மன் என்றால் வாய்க்கு வேலை குறைவு, அவ்வளவுதான். அம்மா தமிழில் கேட்பார், நான் ஜெர்மனில் பதில் சொல்வேன். அதில் பாதிதான் அவருக்கு விளங்கும். அந்தக் கோடையில் ஜெர்மனியின் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போன இடத்தில், "பிள்ளை எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்ட யாரோ ஒரு அக்காவுக்கும் ஜெர்மனிலேயே மறுமொழி சொன்னேன். வீடு வந்ததும் அம்மா தன் தம்பியிடம், "நான் பெத்த பிள்ளையோட எனக்குக் கதைக்க ஏலாமல் கிடக்கு" என்றது என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் என் பாட்டில் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி, அதாவது என் மாமா, நூலகத்திலிருந்து ஒரு டிவிடி கொண்டுவந்தார். பெரிய பரிசுகள் வாங்கிய பழைய ஜப்பானிய சாமுராய் படமாம். கறுப்பு வெள்ளை. பேச்சு ஜப்பானிய மொழி, கீழே ஜெர்மன் எழுத்து.

"எனக்கு உந்த எழுத்து வாசிக்கத் தெரியாது பிள்ளை. நீ தமிழில சொன்னால்தான் படம் விளங்கும்" என்றார். பதினைந்து வருடமாக இந்த ஊரில் பேருந்து ஓட்டுகிறவர் சொல்கிற கதையா இது? நம்புவதற்கு எட்டு வயது வேண்டும். எனக்கு இருந்தது. பெருமை வேறு தலைக்கேறிவிட்டது.

படத்தில் ஒரு கிழச் சாமுராய், எசமானுக்குக் கொடுத்த வாக்குக்காக ஒரு மரப்பாலத்தைத் தனியாகக் காவல் காத்தார். இல்லை என்பதற்கு "நைன்" என்று கீழே ஒற்றைச் சொல் வந்தாலும் மாமா விடமாட்டார். "ஏனாம்? என்னவாம்?" என்று குடைவார். எனக்குத் தமிழ்ச்சொல் அகப்படாதபோது குசினிக்கு ஓடி, சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டு வந்தேன். ஐந்தாறு தடவை ஓடியபிறகு அம்மாவே ஈரக்கையோடு வந்து எங்கள் பக்கத்தில் இருந்துவிட்டார்.

எசமான் எப்போதோ தப்பி ஓடிவிட்டார் என்று ஒருவன் வந்து சொன்னான். கிழவர் அசையவில்லை. எதிரிகள் வந்தார்கள். அவர் பாலத்திலேயே விழுந்தார். கீழே எழுத்து ஒன்றும் வரவில்லை. மாமா கேட்கமுன்னமே நான் சொல்லத் தொடங்கினேன்.

"அவருக்குத் தெரியும் மாமா, எசமான் வரமாட்டார் எண்டு. எண்டாலும் சொன்ன சொல்லுக்காக நிண்டவர். பாவம், அவருக்கு ஒருத்தரும் இல்லை."

திரும்பினால், அம்மாவின் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மாமாவோ அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழாதேங்கோ அம்மா, உது படம்தானே" என்றேன்.

அதைக் கேட்டு அம்மா இன்னும் பலமாக அழுதார். யாரோ ஒரு ஜப்பானியக் கிழவர்மேல் அம்மாவுக்கு இவ்வளவு அன்பா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.