ஒன்பது ‘ஐ’

எண்பதுகளின் தொடக்கத்தில், கொழும்பில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் அச்சுத்தொழில் படிக்க விண்ணப்பம் போட்டுவிட்டு, கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்து அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்த்துப் பழகிக்கொண்டிருந்தேன். நேர்முகத்துக்கு வரும்போது, நானே கோர்த்து அச்சடித்த ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் போய்ப் பிரயோசனம் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்வெட்டு வந்தது. இறந்தவருடைய வாழ்க்கையையும் பிள்ளைகளின் புலம்பலையும் பாட்டாக்கி, முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இறந்தவர் மலைநாட்டிலிருந்து வந்து, காடு வெட்டித் தோட்டம் செய்தவர். அயலில் எல்லாரும் செய்வதைக் கண்டு மகளும் கேட்டிருந்தார். பாட்டை அயலூர்ப் புலவர் ஒருவர் எழுதியிருந்தார். முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை, என் நேர்முகம் திங்கட்கிழமை.

“முழுக்க நீயே கோர். நான் தொடமாட்டன்,” என்றார் முதலாளி.

இரண்டு பக்கம் கோர்த்தேன். மூன்றாவதில் ‘ஐ’ முடிந்துவிட்டது. அந்த ஒரு பக்கத்திலேயே பதினான்கு ‘ஐயா’. எழுத்துப் பெட்டியில் மிச்சம் இருந்தது ஒன்பது ‘ஐ’. ‘க’ மட்டும் குவிந்து கிடந்தது. ஒரு பெட்டிக்கு எந்த எழுத்து எத்தனை வேண்டும் என்று யார் கணக்குப் போட்டிருப்பார்கள்? அவர் ஒரு செத்தவீட்டுக்கும் போயிருக்கமாட்டார் என்று நினைத்தேன்.

“எழுத்தும் எலியும் ஒண்டுதான். தேவையில்லாத நேரம் காலுக்குள்ளை ஓடும், தேடினால் ஒண்டும் அம்பிடாது,” என்றார் முதலாளி. “போய்க் கேள், சில வரியை விடலாமோ எண்டு.”

வியாழக்கிழமை சைக்கிளில் போனேன். மகள் முற்றத்தில் செத்தல் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, பாட்டை வாசித்துக் காட்டினேன். அதுவரை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. “ஐயா எம்மை விட்டு எங்கு சென்றீர்” என்ற வரியில் கையை நிறுத்தினார்.

“யாரு தம்பி அந்த ஐயா?”

“உங்கடை தகப்பனார்தான், அக்கா.”

“நாங்க அப்பான்னுதானே கூப்புடுவோம். எங்கப்பா தேயிலைத் தோட்டத்துல வேலை வாங்குற கணக்கப்புள்ளையத்தான் ஐயா, ஐயான்னு கும்புட்டுக்கிட்டு நின்னாரு. செத்த பொறகு அவரையே கணக்கப்புள்ளையாக்கிட்டீங்களே.”

சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். மிளகாய்க் கை, கண் இன்னும் எரிந்தது.

புலவர் எங்கள் வீடுகளில் தகப்பனைக் கூப்பிடுவதுபோல எழுதியிருக்கிறார். நானும் எங்கள் வீட்டுக் காதோடுதான் கோர்த்திருக்கிறேன். திரும்பி வந்து, கோர்த்த இரண்டு பக்கத்தையும் பிரித்து, எல்லா இடத்திலும் ‘அப்பா’ வைத்தேன். வெள்ளிக்கிழமை அதிலேயே போய்விட்டது. அச்சு சமமாக விழ, மெசினில் தாளுக்குப் பின்னால் மெல்லிய கடதாசிகளைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு நேரம் இல்லை. இறுக்கி அடித்தேன். சனி விடியப் புத்தகம் போனது. மகள் முதல் பக்கத்தை உதடசைய வாசித்துவிட்டு, “இப்ப எங்கப்பாதான்,” என்றார்.

திங்கட்கிழமை கொழும்பில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் பாட்டைப் பார்க்கவேயில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத்துப் புடைத்திருந்ததைப் பெருவிரலால் தடவினார்.

“கண் தெரியாத ஆளும் இதை வாசிக்கும் போலை. ஏன் இவ்வளவு அமத்தினீர்?”

நான் ஒன்பது ‘ஐ’யிலிருந்து முழுக் கதையையும் சொன்னேன். மற்ற இருவரும் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவர் விரலை எடுக்காமலே கேட்டார்.

“அமத்தல் எங்கடை முதல் பாடம்,” என்றார். “ஒண்டாந் திகதி வாரும்.”

திரும்பும் ரயிலில் பக்கத்தில் இருந்தவரிடம் பேப்பரைக் கேட்டு வாங்கினேன். வெற்று ஓரத்தைத் தடவினேன், பிறகு எழுத்து இருந்த இடத்தை. ஒரு புடைப்பும் இல்லை, இரண்டும் விரலுக்கு ஒரேமாதிரி வழுவழுவென்று இருந்தன. எழுத்து அமத்தாமல் மை எப்படி ஏறியது?

“வாசிக்காமல் என்னத்தைத் தடவுறியள்?” என்றார் அவர்.

“தெரியேல்லை அண்ணை. ஒண்டாந் திகதிக்குப் பிறகு சொல்லுறன்.”