முகம் கொஞ்சம் வாடும் என்றாள் மகள்

பக்கத்து வீட்டுப் பஞ்சாலைக்கு எல்லார் முகமும் வரும். வேலை வாங்குகிற மண்டோர் வெற்றிலையை மென்றுகொண்டே ஆள் எண்ணுவது, கணக்கெழுதுகிற கிராணி கண்ணாடிக்கு மேலே பார்ப்பது, என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து யோக்கியன் மாதிரி வாசலில் நிற்பது, எல்லாவற்றையும் செய்து காட்டுவாள். அவர் செத்த பதினாறாம் நாள்கூடச் செய்தாள். நான் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தேன். பெடாஸ் ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்யும் தோட்டம். முப்பது வருஷமாக ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. அழகான முகம் என்று சொல்லமாட்டேன். உழைக்கிற முகம்.

பன்னிரண்டு வயதில் ரப்பர் பால்வெட்டுக்கு வந்தவள். ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை போட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கினாள். புருஷன் லாரி ஓட்டப் போன ஊரிலேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அதற்கு அவள் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. திலகா என்று ஒரே மகள். அவளைப் படிக்க வைத்தாள். மகள் போனில் இங்கிலீஷ் பேசினால் பஞ்சாலை சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். திலகா சிங்கப்பூரில் வேலைக்குப் போனாள்.

பஞ்சாலைக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காதிலும் சீழ். பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொள்வாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாற்றம் தாங்காமல் எழுந்து போவார்கள். அவர்கள் எழுந்து போகும் முகத்தையும் வீட்டுக்கு வந்து செய்து காட்டுவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இடது காது மோசமாகித் தலை சுற்ற ஆரம்பித்தது. செம்பனை மரத்தடியிலேயே இரண்டு தடவை விழுந்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். காதுக்குள்ளே தோல் தப்பான இடத்தில் வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். திலகா இரண்டு வாரம் லீவு போட்டு வந்தாள். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா சீனப் பெண். எங்களுக்கு மீன் வாங்குகிற அளவுக்கு மலாய் தெரியும், காது எலும்பைப் பேச அது பத்தாது. அதனால் டாக்டரும் திலகாவும் இங்கிலீஷிலேயே பேசினார்கள். ரொம்ப நேரம். டாக்டர் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், கண்ணைத் தொட்டார், இரண்டு விரலை நீட்டினார். திலகா தலையாட்டினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி நாலே வார்த்தையில் முடித்தாள்.

"சின்ன ஆபரேஷன்தான்மா. முகம் கொஞ்சம் வாடும். அப்புறம் சரியாயிரும்."

பஞ்சாலை சிரித்தாள். வெயிலில் பழம் பொறுக்கினாலே முகம் வாடுகிறது, இதற்கென்ன என்றாள். நான்தான் மை டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன். சம்மதப் பாரத் தாளில் பெருவிரலை வைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து விழித்தபோது அவளுக்கு இடது கண் மூடவில்லை. வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கொடுத்த தேத்தண்ணி இடது ஓரமாக வழிந்து கழுத்துக்குப் போனது. நரம்பு வீங்கியிருக்கிறது, போகப் போகச் சரியாகும் என்றாள் திலகா. பன்னிரண்டாம் நாள் பஸ் ஏறிப் போய்விட்டாள். ஒரு வருஷம் ஆனது. கண் பாதி மூடியது, வாய் அப்படியே நின்றது. தூங்கும்போது கண்ணுக்குப் பிளாஸ்டர் ஒட்டிவிடுவது என் வேலை. லயத்தில் யாராவது மண்டோர் மாதிரி செய்து காட்டச் சொன்னால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அப்புறம் வலது காதில் சீழ் ரத்தம் கலந்து வர ஆரம்பித்தது. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. திலகாவுக்கு லீவு இல்லை. அன்றைக்குக் குமுதினி என்று ஒரு தமிழ் நர்ஸ் இருந்தார், சிலோன்காரர் பேச்சு. பஞ்சாலை அவரிடம் கேட்டாள், இந்தப் பக்கமும் இப்படித்தான் ஆகுமா என்று. நர்ஸ் பைலைப் புரட்டினார்.

"அம்மா, உங்களுக்குப் போன முறையே சொன்னவையெல்லோ? முகத்தை அசைக்கிற நரம்பு காதுக்குள்ளாலதான் போகுது. உங்களுக்கு அதை மூடியிருந்த எலும்பு கரைஞ்சு போச்சு. நரம்புக்குக் கிட்டப் போனால் சத்தம் போடுற மெஷின் பெரிய ஆஸ்பத்திரியில இருக்கு, இரண்டு மாதம் பொறுத்தால் அங்க அனுப்பலாம், இங்க செய்தால் முகம் இழுக்கிறதுக்குச் சான்ஸ் கூட எண்டு டாக்டர் சொல்லியிருக்கிறா. வேண்டாம், இப்பவே செய்யச் சொல்லி மகள் சொன்னவா. எழுதியிருக்கு."

மெஷின் இருந்தாலும் நிச்சயம் இல்லை என்றும் அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார். நான் என் கையைப் பார்த்தேன். மை டப்பாவைத் தள்ளிய கை இது.

அந்த வார இறுதியில் திலகா வந்தாள். பஞ்சாலை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். திலகா முதலில் மழுப்பினாள். பிறகு லீவு கிடைத்த கதையைச் சொன்னாள். திரும்ப லீவு கேட்டால் சூப்பர்வைசர் தரமாட்டான், அந்த மெஷின் இருந்தாலும் நிச்சயம் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார் என்றாள். அது உண்மைதான், நர்ஸும் அப்படித்தான் சொன்னார். கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் சொல்வதைச் சொன்னாள்.

"உங்க நல்லதுக்குத்தான்மா. இழுத்துக்கும்னு சொல்லியிருந்தா பயந்து போய் ஆபரேஷனே வேணாம்னு இருந்திருப்பீங்க லா."

"என் மூஞ்சி, நான் பயந்துட்டுப் போறேன். அந்தப் பயத்தையும் ஏண்டி நீயே வச்சிக்கிட்ட?"

புருஷன் போனபோது அழாதவள் அன்றைக்கு அழுதாள். வலது கண் சிவந்து ஒழுகியது. இடது பக்கம் கல் மாதிரி இருந்தது. மகள் முந்தானையால் துடைக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிப் பஞ்சாலையே கேட்டாள். இரண்டு மாதம் இல்லை, மூன்று மாதம் ஆனது. காத்திருந்தாள். அங்கே டாக்டர் மலாய்க்காரர். தமிழ் தெரிந்த ஆள் வரும்வரை வாயைத் திறக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஹேமநாதன் என்று ஒரு சின்ன டாக்டரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் படம் போட்டுக் காட்டினார். கண் ஓரத்திலும் வாய் ஓரத்திலும் மெல்லிய ஊசி குத்தி வயரைப் பெட்டியில் மாட்டுவார்கள். வெட்டுகிற கருவி நரம்பை உரசினால் முகம் துடிக்கும், பெட்டி கத்தும். துடிப்பு தெரிய வேண்டும் என்பதற்காக, உடம்பைத் துவள வைக்கிற மருந்தை அந்த நேரத்தில் கொடுக்கமாட்டார்களாம்.

"அப்ப பொட்டி கத்தலன்னா அங்க நரம்பு இல்லன்னு அர்த்தமா?" என்று கேட்டாள் பஞ்சாலை.

சின்ன டாக்டர் அதை மலாயில் சொன்னார். பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இல்லை, பெட்டியை நம்பி வெட்டமுடியாது, கண்ணால் பார்த்துத்தான் வெட்ட வேண்டும், பெட்டி கூடுதலாக ஒரு காவல், அவ்வளவுதான் என்றார். நரம்பு மேல் ஒட்டியிருந்தால் கெட்ட தோலில் கொஞ்சத்தை விட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாமா என்று அவளையே கேட்டார். விட்டுவிடச் சொன்னாள். ரப்பர் மரத்தில் கட்டை தெரிய வெட்டிவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, பால் வெட்டினவளுக்குத் தெரியாதா. பாரத்தில் நெருங்கிய சொந்தம் யார் என்று கேட்டார்கள். என் பெயரைச் சொன்னாள். உறவு என்ன என்று கேட்டதற்குப் பக்கத்து வீடு என்று எழுதச் சொன்னாள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். விழித்ததும் நர்ஸ் கண்ணை மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். வலது கண் இறுக மூடியது. வலது பக்கத்துப் பல் தெரிந்தது. பெட்டி எத்தனை தடவை கத்தியது என்று பஞ்சாலை கேட்டாள். ஏழு தடவையாம். ஏழு தடவையும் கையை நிறுத்தினார்களாம்.

மறுநாள் திலகா சிங்கப்பூரிலிருந்து நேராக வந்தாள். கட்டிலுக்கு இடது பக்கம் வந்து நின்றாள். பஞ்சாலை திரும்பவில்லை. கோணிய பக்கத்தையே மகளுக்குக் காட்டிக்கொண்டு கஞ்சி குடித்தாள். அது ஓரமாக வழிந்தது, துடைக்கவும் இல்லை.

திலகா என்னை வெளியே கூப்பிட்டாள். "பெரியம்மா, ஆபரேஷன் எப்படி ஆச்சு? டாக்டர் என்ன சொன்னாரு?"

"உள்ள போய் அவரையே கேளு. உனக்கு இங்கிலீஷ் வரும்ல. நான் படிக்காதவ, எதையாச்சும் மாத்திச் சொல்லிருவேன்."