வெள்ளைப் புடவையில் ஒரு லைசென்ஸ்

போன வியாழக்கிழமை நான் காலமாகிவிட்டேன். ஒரு சர்க்கார் ஆபீசில், கொஞ்ச நேரத்துக்கு மட்டும். பயப்படாதீர்கள், இந்தப் பத்தியை எழுதுவது நான்தான்.

என் மனைவி எஸ்தர் நர்ஸ். பல்லாவரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ராத்திரி டியூட்டி. அவள் வீடு திரும்பும்போது மகள் பள்ளிக்குக் கிளம்பியிருப்பாள். மகள் திரும்பினால் இவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். அம்மாவும் பெண்ணும் சந்தித்துக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான் என்று நான் கேலி செய்வதுண்டு. எஸ்தர் சிரிப்பதில்லை.

அப்போதுதான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் வேண்டுமென்று தெரிந்தது. பகல் வேலை! ஆனால் ஒரு சிக்கல்... எஸ்தர் படித்தது ஆந்திராப் பக்கம். நர்சிங் ஹோமில் அதைக் கண்டுகொள்ளவில்லை; பள்ளியிலோ, இந்த மாநிலத்தில் பதிவு செய்து லைசென்ஸ் வாங்கினால்தான் வேலை. பள்ளி திறப்பதற்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

பட்டணத்து ஆபீசுக்கு நான்தான் நடையாய் நடந்தேன். நெற்றி நிறைய விபூதியோடு இருந்த கிளார்க், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘அடுத்த வாரம்’ என்பார். எந்த வருஷத்து அடுத்த வாரம் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

வியாழனன்று எஸ்தரே கிளம்பினாள். டியூட்டி முடிந்த கையோடு, யூனிபார்ம் வெள்ளைப் புடவையிலேயே ரயில் ஏறிவிட்டாள். எங்கள் சபையில் பொட்டு, பூ கிடையாது. தாலிக்குப் பதில் மோதிரம். அதையும் டியூட்டியில் போடக்கூடாதென்று கழற்றிப் பைக்குள் வைத்திருந்தாள். கூடப் போன நான், எதிர்க்கடையில் டீ குடிக்க ஒதுங்கினேன்.

உள்ளே நடந்ததை எஸ்தர் பிறகு சொன்னாள். கிளார்க் எழுந்து நாற்காலி போட்டாராம். எத்தனை குழந்தைகள் என்று கேட்டாராம். ஒரே பெண் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். “கையில தொழில் இருக்கு. தைரியமா இரும்மா” என்று சொல்லிவிட்டு, அடியில் கிடந்த பைலை உருவி, ஆபீசரிடம் கையெழுத்து வாங்க எழுந்தாராம்.

எஸ்தருக்கு அப்போதுதான் விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். நானாக இருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அவராக ஒன்றை நினைத்துக்கொண்டால் நாமா பொறுப்பு?

ஆனால் அவள் எஸ்தர் ஆயிற்றே!

“சார்... எங்க வீட்டுக்காரர் வெளியில டீ குடிச்சிட்டிருக்கார்” என்றாள். அவள் சொல்லி முடிக்கவும் நான் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

கிளார்க் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அவள் புடவையைப் பார்த்தார். பள்ளிக்கூட வேலை அத்தோடு போயிற்று என்றே நினைத்தேன்.

அவரோ பைலோடு ஆபீசர் அறைக்குள் போனார். கையெழுத்தோடு வந்தார்.

இந்த ஊரில் மனைவிக்கு லைசென்ஸ் வேண்டுமானால் புருஷன் சாக வேண்டும் போலிருக்கிறதே! நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை. அதற்குள் அவர் எஸ்தர் பக்கம் குனிந்து தணிந்த குரலில் பேச ஆரம்பித்திருந்தார்.

“எம் பொண்ணும் வெள்ளைப் புடவைதாம்மா கட்டுறா. வாசப்படி தாண்டுறதில்ல... இந்தப் படிப்புல அவளைச் சேத்துப்பாங்களா?”

எத்தனை நர்ஸ்களுக்கு லைசென்ஸ் எழுதிய கை அது! சொந்த மகளுக்காகக் கேட்க அன்றைக்குத்தான் மனம் வந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

வருகிற ஞாயிறு அவர் வீட்டுக்குப் போகிறோம். எஸ்தருக்கு அன்று லீவு... ஆனாலும் யூனிபார்மில்தான் வருவாளாம்.