எடை குறைந்த பெட்டரி

நிவித்திகல பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, போன் கவர்களும் சார்ஜர்களும் டோர்ச்சுகளும் கூரை வரை தொங்கும் ஒடுக்கமான கடை நிலாமுடையது. இளமையில் அவர் இரத்தினக்கல் வியாபாரம் செய்தவர். ஒரு காலைப்பொழுதில் பலாமர நிழலில் வைத்துப் பார்த்து வாங்கிய நீலக்கல், இரத்தினபுரிக்குப் போய்ச் சேர்ந்ததும் வெறும் கண்ணாடி என்றாகிவிட்டது. அன்றோடு அந்தத் தொழிலை விட்டார். அதிலிருந்து அவரோடு கடைக்கு வந்தவை ஒரு சின்ன மின்தராசும், யாரையும் நம்பாத பார்வையும்தான்.

நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் மேசைக்குள் போடமாட்டார். வழக்கமான முச்சக்கர வண்டிக்காரர் வேறு பாதையில் திரும்பினால், "ஏன் இந்தப் பக்கம்?" என்று கேட்பார். "பிள்ள சிரிச்சாலும் என்னத்துக்குச் சிரிக்கிறன்டு யோசிக்கிற மனிசன்" என்று மனைவி றுகையா அக்கம்பக்கத்தில் சொல்வதுண்டு. அவர் கேள்வி கேட்காத ஒரே ஆள் றுகையாவின் தம்பி பவாஸ். கொழும்பில் மொத்த வியாபாரம் செய்யும் பவாஸ்தான் கடைக்கு டோர்ச்சுகள் அனுப்புவான். பெட்டி வரும், நிலாம் பிரிப்பார், அடுக்குவார். அவ்வளவுதான்.

சுரேந்திரன் முதல்முறை கடைக்கு வந்தபோது நிலாமுக்கு அவன்மீதும் சந்தேகம் வந்தது. மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுபவன் அவன். மெல்லிய பேனா மாதிரி ஒரு வேப்பை, பெட்டரியில் புகையும் மின்சிகரெட்டை, கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்து, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில், "நானா, இதவிடப் பெருசா ஒன்னு எடுத்துத் தர ஏலுமா?" என்று கேட்டான்.

நிலாம் அதைத் தொடவில்லை. வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"யாரு ஒங்கள அனுப்பின?"

"யாரும் அனுப்பலைங்க. சிகரெட்ட விடணும்னு டொக்டர் சொல்லிட்டாரு. நெஞ்செல்லாம் கரகரன்னு இருக்கு. இத வாங்கிப் பாத்தேன், காணவே காணாது. லொறி மலையில பாதி ஏறுறதுக்குள்ள திரும்ப சிகரெட்டத்தான் பத்தவைக்கிறேன்."

"நா இதெல்லாம் விக்கிறல்ல தம்பி."

சுரேந்திரன் போய்விட்டான். வேப் விற்கிறவர்களைப் பிடிக்க அதிகாரிகள் யாரோ ஆள்விட்டுப் பார்க்கிறார்கள் என்றே நிலாம் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார்.

அவன் மறுபடி வந்தபோது கையில் சாமான் இருந்தது. பேஸ்புக்கில் பார்த்து வாங்கியதாம். சவர்க்காரக் கட்டி அளவு, கனமான உலோகப் பெட்டி. முகப்பில் சின்னத் திரை. இருநூறு வோட் வரை ஏற்றலாம் என்றான். அதற்குள் போட்டுக் கழற்றும் இரண்டு பெட்டரிகள் தனியாக வந்திருந்தன. டோர்ச்சுக்குப் போடும் அதே விரல் தடிப்பு உருளைகள். அவற்றை வெளியே எடுத்து ஏற்றுகிற சார்ஜர் ஒன்று வேண்டும் என்றுதான் வந்திருந்தான்.

நிலாம் ஒரு பெட்டரியை எடுத்துத் திருப்பினார். பளபளக்கும் உறையில், எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதற்கு, 9900 என்று கொட்டை எழுத்து.

"இந்த சைஸ்ல நல்ல கம்பெனிக்காரனே நாலாயிரத்துக்கு மேல போறல்ல. இவனுக்கு எப்பிடி ஒம்பதாயிரத்தித் தொள்ளாயிரம் வந்த?"

தராசில் வைத்தார். நல்ல பெட்டரி நாற்பத்தைந்து கிராம் அளவில் நிற்கும். இது முப்பதைக்கூடத் தொடவில்லை.

"உள்ள ஒழுங்கா ஒன்டும் இல்ல தம்பி. ஒங்கட மெசின் வெடுக்கென்டு நெறய கரண்ட் இழுக்கும். இது தாங்காது, சூடாகும். போடாதீங்க."

சுரேந்திரனின் பார்வை நிலாமின் தோளுக்கு மேலாகப் போனது. பின்னால், மாணிக்கக் குழிகளில் வேலை செய்பவர்கள் நெற்றியில் கட்டும் டோர்ச்சுகள் வரிசையாகத் தொங்கின. பக்கத்திலேயே அவற்றுக்கான பெட்டரிகள்.

"அது மட்டும் நல்லதாக்கும்?"

"அது என்ட மச்சான் அனுப்பின சாமான்."

சுரேந்திரன் லேசாகச் சிரித்தான். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியின் சரக்கை எதற்காகக் குறை சொல்வான் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது போல் இருந்தது அந்தச் சிரிப்பு. நிலாம் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். ஒரே மெசினில் போடும் இரண்டும் ஒரே கம்பெனியாய், ஒன்றாய் வாங்கினதாய், எப்போதும் ஒன்றாகவே ஏற்றினதாய் இருக்கவேண்டும். மேலுறை கீறுப்பட்டால் வீசிவிட வேண்டும். உதிரியாகப் பொக்கெட்டில் போடவே கூடாது, பிளாஸ்டிக் டப்பா ஒன்று வைத்திருக்க வேண்டும். சுரேந்திரன் தலையாட்டினான். ஆனால் அந்த டப்பாவையும் தன் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் அவனுக்குப் பட்டது. சார்ஜரைக்கூட அங்கே வாங்காமல் வேறு கடைக்குப் போனான்.

தோட்டத்தில் அவன் மனைவி ஷாமிளாவுக்கு வேறு சந்தேகம். புருசனின் சட்டையில் சில நாட்களாக மாம்பழ வாசனை. ஒருநாள் பின்னேரம், லயத்து வரிசை வீட்டின் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்து வியர்த்திருந்தது.

"என்னத்தக் குடிச்சீங்க? மறைக்காம சொல்லுங்க."

"ஒன்னும் குடிக்கல. தல சுத்துது."

சின்ன வேப்புக்கு வாங்கிய, மாம்பழ வாசனை கலந்த கடுமையான நிகோட்டின் திரவத்தையே பெரியதிலும் ஊற்றி இழுத்திருக்கிறான். புகை கூடினால் நிகோட்டினும் கூடும், திரவத்தின் காரத்தைக் குறைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஷாமிளா அவன் பையைக் கொட்டினாள். உலோகப் பெட்டி உருண்டு விழுந்தது. போதைப்பொருளோ, ஐஸோ, தூளோ என்று பயந்துபோனாள். அவன் சத்தியம் செய்தும் பாதிதான் நம்பினாள். பெட்டரிகளை அடுப்படியில் ஏற்ற அவள் விடவில்லை. ஒரே கூரையின் கீழ் அறைகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் ஒரு காம்பரா தீப்பிடித்தால் அத்தனை காம்பராவும் போய்விடும். அதனால் அவன் பெக்டரியில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்து ஏற்றிக்கொண்டான். கூடுதலாக இன்னொரு சோடி பெட்டரியும் வாங்கினான்.

அங்கேதான் அது நடந்தது. லொறியிலிருந்து கொழுந்துச் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காற்சட்டைப் பொக்கெட்டில் உதிரிப் பெட்டரி ஒன்று லொறிச் சாவிக்கொத்தோடு கிடந்தது. முதலில் தொடையில் சுள்ளென்று சூடு. பிறகு சீறல். பொக்கெட்டிலிருந்து புகையும் நெருப்பும் ஒன்றாக வந்தன. நின்றவர்கள் அவன் காற்சட்டையைக் கிழித்து எறிந்து, தண்ணீரை ஊற்றி, அதே லொறியில் ஏற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அன்றே பஜாரில் பேச்சு பரவிவிட்டது. பெட்டரி வெடித்ததாம், நிலாம் நானா கடையில் வாங்கியதாம். அவன் அந்தக் கடையில் நின்று பேசியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், அது போதுமாயிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் சார்ஜர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

"அவன்தான் செல்லியிருக்கிற" என்றார் நிலாம் றுகையாவிடம். "அவன்ட பெட்டரியப் பொய் என்டு செல்லின கோவம்."

"படுத்துக் கெடக்கிற ஆள் ஒங்களப் பத்தித்தான் யோசிக்கிறாரா?" என்றாள் றுகையா.

சில நாள் கழித்து ஷாமிளா கடைக்கு வந்தாள். கையில் பால்மாத் தகரப்பேணி. அதில் முக்கால்வாசி மணல், மணலுக்குள் மிச்சப் பெட்டரிகள். பஸ்ஸில் அதை மடியில் வைக்கப் பயந்து, காலடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நானா, இது நீங்க குடுத்ததா இல்லையா? எனக்கு உண்மை தெரியணும்."

"ஒங்கட புருசன் என்ன செல்றார்?"

"உங்ககிட்ட வாங்கலன்னுதான் சொல்றாரு. கேக்குற எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றாரு. ஆனா அவரு எனக்கிட்ட மறைச்சவருதானே. அதான் நேர்ல கேக்க வந்தேன்."

நிலாம் தராசை முன்னுக்கு இழுத்தார். பிறகு, "நா குடுக்கல்ல" என்றார். ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்துக் காட்டினார். ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். "இது பொய்ச் சாமான்தான். ஆனா பொக்கெட்ல வெடிச்சதுக்கு அது காரணமில்ல. நல்ல பெட்டரியா ஈந்தாலும் சாவியோட கெடந்தா இதுதான் நடக்கும். ரெண்டு பக்கமும் இரும்பு பட்டா போதும்."

ஷாமிளா தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரில் தொங்கிய நெற்றி டோர்ச்சுகளைக் காட்டினாள்.

"எங்க தம்பி சதீஸும் குழியில இதத்தான் கட்டிக்கிட்டு எறங்குறான். இத நிறுத்துப் பாத்தீங்களா நானா?"

"அது என்ட மச்சான்ட சாமான் என்டேன்."

"நிறுத்துப் பாத்தீங்களான்னுதானே கேட்டேன்."

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி அவருக்கு அவமானமாக இருந்தது. பிறகு ஒரு டோர்ச்சை எடுத்து, பின்பக்க மூடியைத் திறந்து, பெட்டரியைத் தராசில் வைத்தார். இருபத்தெட்டு. இன்னொன்று. அதுவும் அப்படியே. உறையை நகத்தால் உரித்தார். உள்ளே இன்னொரு நிறத்தில், பழைய கீறலோடு வேறொரு உறை இருந்தது. யாரோ பாவித்துக் கழித்த மட்டமான பெட்டரிக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார்கள்.

பவாஸுக்குப் போன் எடுத்தார்.

"எல்லாரும் இதத்தான் விக்கிற மச்சான்" என்றான் பவாஸ், குரலில் பதற்றமே இல்லாமல். "அந்த வெலைக்கு வேற எதுவும் வராது."

"ஒனக்குத் தெரியுமா இது?"

"நீங்க எல்லாத்தையும் கேக்குற மனிசன். இத ஒரு நாளும் கேக்கல்ல. தெரிஞ்சிதான் எடுக்கிறன்டு நெனச்சேன்."

நிலாம் போனை வைத்தார். றுகையாவிடம் சொன்னபோது அவள் தம்பிக்காகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பேசவில்லை. "குழிக்குப் போனதெல்லாம் எத்தினன்டு தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது. வருகிறவர்களுக்கெல்லாம் விற்றிருந்தார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு வாளி மணலோடு முச்சக்கர வண்டியில் குழிகள் பக்கம் போனார். வயல்வெளி நடுவே கம்பும் பலகையும் கட்டிய குழிகள், பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள். சதீஸின் கூட்டத்தார் தேநீருக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"நா வித்த டோர்ச்செல்லாத்தையும் திருப்பித் தாங்க. சல்லியக் குடுக்கிறேன்."

யாரும் கழற்றவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விற்ற சாமானை, பாவித்த சாமானை, பணம் கொடுத்துத் திரும்ப வாங்க வந்த வியாபாரியை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை.

"நானா, சும்மா சொல்லுங்க. உள்ள என்ன இருக்கு?" என்றான் சதீஸ்.

"பொய் பெட்டரி ஈக்கு. வேற என்ன?"

"பெட்டரிக்கா கடையப் பூட்டிட்டு வந்தீங்க?"

ஒருவர் சிங்களத்தில் எதையோ சொல்ல, மற்றவர்கள் சிரிக்கவில்லை, தீவிரமாகத் தலையாட்டினார்கள். கொழும்பிலிருந்து யாரோ டோர்ச்சுக்குள் மாணிக்கக் கல்லை மறைத்து அனுப்பியிருக்கிறார்கள், அது தவறிப்போய் விற்பனைக்கு வந்துவிட்டது, நானா அதைத் தேடி வந்திருக்கிறார். சற்று நேரத்தில் அது அங்கே முடிவாகிவிட்டது. சதீஸ் தன் டோர்ச்சைக் கழற்றி, பெட்டரியை உருவி, பலகையில் வைத்து மண்வெட்டியை எடுத்தான்.

"வெட்டாதடா!" நிலாம் கத்திய கத்தலில் அவரே தடுமாறினார். "நெருப்புப் புடிக்கும். கையச் சுட்டுக்கொள்ளாத!"

கத்தியது அவர்கள் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. மண்வெட்டி சதீஸின் கையிலேயே இருந்தது.

நிலாமுக்கு வேறு வழி தெரியவில்லை. திரும்பி வரும்வரை வெட்டவேண்டாம் என்று கெஞ்சிவிட்டு, சதீஸின் அக்கா புருசனைத் தேடித் தோட்டத்துக்கு வண்டியைத் திருப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சாரத்தோடு படுத்திருந்த சுரேந்திரனிடம் நடந்ததைச் சொன்னார், பவாஸ் சொன்னது உட்பட. சுரேந்திரன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப ஒங்க டோர்ச்சுப் பெட்டரியப் பத்தி நான் அன்னைக்குக் கேட்டது சரிதானே?"

"சரிதான்."

ஷாமிளா பிடித்துவர, அவன் வண்டியில் ஏறினான். குழியடியில் நொண்டி இறங்கி, யாரிடமும் எதையும் விளக்காமல் சாரத்தை உயர்த்தி, ஷாமிளாவிடம் காயத்தின் கட்டை அவிழ்க்கச் சொன்னான். தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு மேல் தோல் இல்லை. சிவந்து, ஈரமாய், ஓரமெல்லாம் சுருங்கிக் கிடந்தது.

"கல்லு இருக்கான்னு பாக்குறியா சதீஸு? பாரு."

சதீஸ் மண்வெட்டியைக் கீழே போட்டான். டோர்ச்சுகள் ஒவ்வொன்றாக மணல் வாளிக்குள் விழுந்தன. ஆனாலும் இருவர் தரவில்லை. பொழுதுபடும் வரை நிலாம் அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பவாஸிடமிருந்து பிறகு பெட்டி வரவில்லை, நிலாம் கேட்கவும் இல்லை. பெருநாளைக்கு அவன் வந்தபோது றுகையா சோறு போட்டாள். நிலாம் கூட உட்கார்ந்து சாப்பிட்டார். வியாபாரப் பேச்சு எடுக்கவில்லை.

சுரேந்திரன் கால் ஆறி வேலைக்குத் திரும்பியதும் கடைக்கு வந்தான். பழைய உலோகப் பெட்டியைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக, பாதி வலுவும் இல்லாத, ஒரே பெட்டரி போடும் வேப் ஒன்றை வாங்கியிருந்தான். இருநூறு வோட்டில் பாதியைக்கூட அவன் ஒருநாளும் பாவித்ததில்லை. பெட்டரியை இரத்தினபுரியில், நிலாமுக்குச் சம்பந்தமே இல்லாத கடையில் வாங்கினான். அதை அவன் மறைக்கவும் இல்லை. நிலாம் நிறுத்துப் பார்த்தார், உறையைப் பார்த்தார், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். "இதையும் விட்டுடணும்னுதான் டொக்டர் சொல்றாரு" என்றான் சுரேந்திரன். "பாப்போம்."

லயத்தில் ஏற்ற ஷாமிளா இன்னும் விடுவதில்லை. அதனால் இரண்டு நாளைக்கொருமுறை லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு அவன் நிலாமின் கடைக்கு வருகிறான். ஒரு தரையோட்டுத் துண்டின்மேல் சார்ஜர் வைக்கப்படுகிறது. பெட்டரியை அவரிடம் விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனமில்லை. ஏறுகிற பெட்டரியை விட்டு எழும்ப அவருக்கும் மனமில்லை. சிவப்பு வெளிச்சம் பச்சையாகும் வரை இரண்டு பேரும் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.