அழுகண்ணிக்குப் போட்ட உரம்

என் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. பக்கவாதம். அன்றிலிருந்து அவருக்கு ஜன்னல்தான் உலகம். எனக்குக் காலையில் தோட்டத்தில் செம்பனை மரங்களுக்கு உரம் போடும் வேலை. மத்தியானத்துக்கு மேல் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி துவைக்கும் வேலை. சலித்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த ஜன்னலில் ஒரு தயிர் டப்பாவில் அழுகண்ணிச் செடி இருந்தது. அவரோடு ஃபேக்டரியில் வேலை செய்தவர், பார்க்க வந்தபோது செரண்டா ஊரின் பழைய ஈயச் சுரங்க மணலிலிருந்து கிண்டி எடுத்து வந்தது. ஐம்பது காசு நாணயத்தின் அகலம், நல்ல சிவப்பு, இலை நிறையப் பசைத்துளி. கொசு உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இலை மெல்ல மூடிக்கொள்ளும். நான் வேலை விட்டு வந்ததும், "இன்னிக்கு ரெண்டு மாட்டிச்சு" என்று குழறுவார். நாளெல்லாம் அவர் பேசுவது அவ்வளவுதான்.

செடி வளரவேயில்லை. என் கை சும்மா இருக்குமா? வாளியில் ஒட்டியிருந்த உரத்தில் ஒரு சிட்டிகை போட்டேன். ஆயுசெல்லாம் மரத்துக்கு உரம் போட்டவளுக்கு வேறென்ன தெரியும்? நாலே நாளில் பசை வற்றி இலை கருகிவிட்டது. அவர் ஏசவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சோறும் வேண்டாம் என்றார். பயந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செரண்டா போனேன். வெறும் வெள்ளை மணல். லாலான் புல்கூடச் சரியாக முளைக்காத இடம். தண்ணீர் கசியும் ஓரத்தில் மட்டும் சிவப்புச் சிவப்பாக எத்தனையோ அழுகண்ணி. மண்ணில் சத்து இல்லாததால்தான் இது பூச்சி பிடித்துப் பிழைக்கிறது என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. அட கழுதை, இதுக்குப் போய் உரம் போட்டியே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மணலோடு ஒன்றை அள்ளி வந்தேன்.

அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, டப்பாவைக் கழுவிப் புதுச் செடியை நட்டு, ஜன்னலில் வைத்து மழைத்தண்ணீர் ஊற்றினேன். துணி ஊறிக் கிடந்தது, துவைக்கத் திரும்பினேன். அவர் இடது கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தார்.

"இதுக்கு ஒன்னும் போடாத. சும்மா விடு." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "நீயும் கொஞ்சம் உக்காரு லா."

இந்த இரண்டு வருஷத்தில் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.