ஐந்தாவது இலை

கலியாணசுந்தரம் திருத்துறைப்பூண்டியிலிருந்து மலாக்காவுக்குப் படிக்க வந்தது 1956 டிசம்பரில். வயது பதினெட்டு. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு ஓராண்டு இருந்தது. உள்ளூரில் ஒரு வீடு பொறுப்பேற்றால்தான் பள்ளியில் இடம் என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவின் சிநேகிதர் மருதமுத்து, பண்டார் ஹிலிரில் மளிகைக்கடை வைத்திருந்தவர், காஜா பெராங்கில் செட்டிகள் குடியிருப்பான கம்பத்துப் பாக்கியம் அம்மாள் வீட்டைப் பிடித்துக்கொடுத்தார். பின்கட்டு அறை, எட்டடிக்குப் பத்தடி. ஒரு ஜன்னல்.

வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே முருகன் படம். மகள்கள் பெயர் கோகிலா, சீதா. சொந்த ஊருக்கே வந்த மாதிரி இருந்தது, அவர்கள் வாயைத் திறக்கும்வரை. பேசியது முழுக்க மலாய். மலாக்காவில் வேரூன்றிய செட்டிகள் பல தலைமுறையாக அப்படித்தான். அவனுக்கு மலாயில் பத்துச் சொல் தெரியும். தமிழ் பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மருதமுத்து கடைக்கு நடக்க வேண்டும். மற்ற நாட்களில் குளிக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டான்.

ஜனவரியில் போகி. பள்ளி விட்டு இரண்டு மணிக்கு வந்தான். வீட்டில் சத்தமில்லை. கூடத்துக் கதவு சாத்தியிருந்தது. ஈக்காக என்று நினைத்துத் திறந்தான். நான்கு வாழையிலை. சோறு, மீன், ஆட்டுக்கறி, பாகற்காய், பலகாரம். வீட்டில் நான்கு பேர், இலையும் நான்கு. கணக்குச் சரி. காலைக் கழுவிவிட்டு ஓர இலையில் உட்கார்ந்தான். கொஞ்சம் காத்திருந்தான். பசி பொறுக்கவில்லை.

கதவு திறந்தபோது இலை பாதி காலி. கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். பாக்கியம் அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவன் எழுந்திருக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. கை காய்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மருதமுத்துவோடு திரும்பினார்.

"என்னடா பண்ணி வச்சிருக்க? அது செத்தவங்களுக்குப் போட்ட எல! கதவச் சாத்திட்டு அரை மணி விட்டுருவாங்க. அப்பறம்தான் மத்தவங்க சாப்பிடுவாங்க."

"நாலு எல இருந்துச்சு மாமா. நாங்களும் நாலு பேரு."

"நாலு பேராம்! ஆவிங்க பந்தியில எடம் புடிச்ச மொத ஆளு நீதான்டா."

சிரித்தது அவர் மட்டும். சுந்தரத்துக்குத் தன் டிரங்குப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. வீடு போனால் பள்ளி போகும். பள்ளி போனால் கப்பல்.

பாக்கியம் அம்மாள் மலாயில் ஏதோ கேட்டார்.

"அது இவங்க மவன் ஏகாம்பரத்தோட எல," என்றார் மருதமுத்து, குரல் இறங்கி. "ஜப்பான்காரன் சயாம்ல ரயில் பாதை போடப் புடிச்சிட்டுப் போனான். திரும்பல. அப்ப உன் வயசுதான். பாவக்காயத் தின்னியான்னு கேக்குறாங்க."

"இல்ல மாமா. கசக்குமே."

"அவனும் தொட மாட்டானாம். இவங்களும் வைக்காம விட்டதில்லயாம்."

பாக்கியம் அம்மாள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஹாபிஸ்கான்," என்றார். சாப்பிட்டு முடி. அவன் முடித்தான். பாகற்காயையும்.

பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகும் பேச்சு வளர்ந்துவிடவில்லை. அவர் சோறு வைப்பார், அவன் சாப்பிடுவான். ஆகஸ்டில் மலாயா விடுதலையானபோது கூட்டத்தோடு நின்று அவனும் கத்தினான். திரும்பி வந்து அதைச் சொல்ல ஆளில்லை.

நவம்பரில் அண்ணனின் கடிதம் வந்தது. அப்பா இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. பரீட்சைக்கு ஒன்பது நாள். வர வேண்டாம், எழுது என்றிருந்தது. எழுதினான்.

ஜனவரியில், பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தபோது, போகிக்கு முதல் நாள், பாக்கியம் அம்மாள் அவன் அறை வாசலில் வந்து நின்றார். இப்போது அவனுக்கு மலாய் ஓரளவு புரிந்தது. உன் அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார்.

யோசித்தான். தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறான்.

"ஈக்கான்," என்றான். மீன்.

மறுநாள் ஐந்து இலை. கதவைச் சாத்தினார்கள். சகோதரிகள் முற்றத்தில் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் தள்ளிப்போய்க் கிணற்றடியில் நின்றான். அரை மணி. கதவு திறந்ததும் பாக்கியம் அம்மாள் அவனைக் கூப்பிட்டு ஐந்தாவது இலையைக் காட்டினார்.

"டுடோக்." உட்கார்.

நல்ல கொடுவா. முள்ளை எடுக்கும்போது அவன் கை நின்றது. அப்பா தன் மீன் துண்டில் முள் பார்த்து, சதையை இவன் இலைக்குத் தள்ளிவிடுவார். அவர் மீன் தின்று இவன் பார்த்ததாக நினைவில்லை.