அம்மா உடம்பில் தங்கிவிட்டவர்கள்

காலையில் பஸ்ஸில் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

டெல்லி கிட்வாய் நகரில் என்னோடு ஏறிய கோமதி அக்கா (பெயர் அதுவல்ல) பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் குவார்ட்டர்ஸில் கீழ்வீடு. ஒரே மகன், கனடாவில். போனே பண்ணுவதில்லை என்று வருத்தப்பட்டார்.

ஆறுதலாக இருக்கட்டுமே என்று, நேற்றுப் படித்ததைச் சொன்னேன். வயிற்றில் இருக்கும் குழந்தையின் செல்கள் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலந்து, பல வருஷம் அவள் உடம்பிலேயே தங்கிவிடுமாம்.

"பெத்த பிள்ளையோடது மட்டுமா?"

"இல்லக்கா, பாதியில போன கர்ப்பமா இருந்தாலும் தங்கலாமாம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவனுக்கு முன்னாடி ரெண்டு. ஸ்கேன்ல பொண்ணுன்னு தெரிஞ்சதும் சஃபாய் பண்ணிடுன்னுட்டாங்க எங்க வீட்டுல."

சஃபாய் என்றால் சுத்தம் செய்வது. கருக்கலைப்புக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.

"அதுங்களும் உள்ள இருக்கா?"

உளறினேன். "இருக்கலாம்க்கா. ஆனா பொண்ணோட செல் அம்மாவோடது மாதிரியே இருக்குமாம், கண்டுபிடிக்கிறது கஷ்டம். அதனால ஆராய்ச்சியில பெரும்பாலும் பையனோடதைத்தான் தேடுவாங்களாம்."

"அங்கயும் பையனைத்தான் தேடுறாங்களா?"

சிரித்தார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "நல்லதாப் போச்சு. கண்டுபிடிக்க முடியலேன்னா சஃபாயும் பண்ண முடியாது."

நாளைக்கும் இதே பஸ்தான். விஞ்ஞானம் பேசுவதாக இல்லை. டெல்லி வெயிலைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.